தலையெழுத்தா? கையெழுத்தா?

கிணற்றடியில் குடம் உடைகிறது. "சகுனம் சரியில்லை" என்கிறாள் பாட்டி. "கண் எங்கே போயிற்று உனக்கு?" என்று சீறுகிறார் தகப்பனார். "இனி ஒழுங்காகத் தூக்குகிறேன்" என்று விம்முகிறாள் சிறுமி. மூவரும் பேசிவிட்டனர்; ஓசை அடங்கிவிட்டது; உடைந்த ஓடுகளையும் கூட்டி எறிந்தாயிற்று. ஆனால், கிணற்றடிக் கல்லிலே பாசி படிந்து கிடக்கிறதே, அதைப்பற்றி யார் பேசினார்? ஒருவரும் பேசவில்லை! பாசி அங்கேயேதான் இருக்கிறது. அடுத்த குடத்துக்காகக் காத்திருக்கிறது.

பாட்டியைக் கண்டு நகைப்பது எளிது, தோழர்களே! நாமும் நகைத்தோம். நாற்சந்தியில் நின்று நகைத்தோம், மேடையேறி நகைத்தோம், விதியை நம்பி வீணானவர் கதைகளை எடுத்துரைத்துக் கைத்தட்டல் பெற்றோம். பிறகு ஒருநாள் நமது கையாலேயே ஒரு குடம் நழுவிற்று. மண்குடமன்று, ஒரு மூதாட்டியின் உயிர்! நல்வாய்ப்பாக அது உடையவில்லை, விரிசலோடு தப்பிற்று. ஆனால் அந்த நாளிலே நமது வாயிலிருந்து வந்த சொற்கள் இருக்கின்றனவே, அவை பாட்டியின் சொல்லுக்குப் பங்காளிகளாகவே இருந்தன. அந்தக் கதையைத்தான் எழுதுகிறோம். பெருமை பேச அல்ல, பாசியைக் காட்ட.

நாம் மருந்தாளுநர். ஒரு சிற்றூரின் கடைத்தெருவில், ஒரு மருந்துக்கடையில், நெடுங்காலம் பணியாற்றியவர். மருத்துவர் எழுதித் தரும் சீட்டைப் படிப்பது, மாத்திரையை எண்ணுவது, உறையிலிட்டு 'காலை, மாலை' என்று எழுதித் தருவது: இதுதான் தொழில். பார்ப்பதற்கு எளிது. ஆனால் ஒரு எழுத்துப் பிழைத்தால் ஏட்டிலே திருத்திக்கொள்ளலாம். இந்தத் தொழிலில் பிழைத்தால், உடலிலே அல்லவா அது எழுதப்பட்டுவிடும்!

அன்று மாலை ஆறு மணி. கடைமுன்னே கூட்டம். ஏழு மணிக்குப் படிப்பகத்தில் நமது சொற்பொழிவு. தலைப்பு என்ன தெரியுமா? 'ஏன் என்று கேள்!' நகைக்க வேண்டிய இடம் இதுதான், தாராளமாக நகையுங்கள்.

பூக்கட்டி விற்கும் ஒரு மூதாட்டி வந்து நின்றார். விரல்கள் வீங்கி, கணுக்கள் புடைத்து, முழம் போடவும் முடியாமல் வருந்தியவர். நகரத்து மருத்துவமனைக்குச் சென்று காட்டியிருக்கிறார். முடக்குவாதம் என்று கண்டு மருந்து எழுதித் தந்திருக்கிறார்கள். சீட்டிலே இரண்டு மருந்துகள். ஒன்று மெத்தோட்ரெக்சேட், மற்றொன்று ஃபோலிக் அமிலம்.

மெத்தோட்ரெக்சேட் என்பது புற்றுநோய்க்கும் வழங்கப்படும் வலிய மருந்து. பெருகும் உயிரணுக்களின் பெருக்கத்தைத் தடுப்பது அதன் வேலை. முடக்குவாதத்துக்கு அதனைச் சிறிய அளவில் தருவார்கள். அதுவும் வாரத்தில் ஒரே ஒரு நாள்! ஏழு நாளில் ஒரு நாள் உண்டால் வலி தணிக்கும் மருந்து, ஏழு நாளும் உண்டால் வாயையும் குடலையும் புண்ணாக்கும், எலும்பு மச்சையில் குருதியணுக்கள் உண்டாவதையே நிறுத்தும், உயிரையும் பறிக்கும். இந்தப் பிழையால் உலகின் பல நாடுகளில் மாந்தர் மாண்டிருக்கின்றனர். இவையெல்லாம் நமக்குத் தெரியாதவையா? தெரியும். தேர்வுக்குப் படித்தோம்; தேர்ச்சியும் பெற்றோம். இருந்தும் என்ன நடந்தது?

சீட்டிலே ஆங்கிலச் சுருக்கெழுத்து. 'ஓ.டபிள்யூ' என்றால் வாரம் ஒருமுறை, 'ஓ.டி' என்றால் நாள்தோறும் ஒருமுறை. மருத்துவர் கை விரைந்து ஓடியிருந்தது. இரண்டாம் எழுத்து ஒரு நெளிவாக நின்றது. நமது கண் அதை 'நாள்தோறும்' என்று படித்தது. மூன்று மாத்திரை, நாள்தோறும், இரவு, உணவுக்குப்பின் என்று உறையில் எழுதினோம்.

அப்போது நமது கடையில் ஒரு மாணவி பயிற்சிக்கு இருந்தார். மருந்தாளுநர் பட்டயப் படிப்பை முடிக்கும் நிலையில் இருந்தவர். அவர் சீட்டைப் பார்த்தார், உறையைப் பார்த்தார், "சார், இது…" என்று இழுத்தார்.

"கூட்டம் நிற்பது தெரியவில்லையா? கட்டிக் கொடம்மா!" என்றோம்.

கட்டிக் கொடுத்தார். மூதாட்டி சென்றார். நாமும் படிப்பகம் சென்றோம். 'ஏன் என்று கேள்!' என்று ஒரு மணி நேரம் முழங்கினோம், மாலையும் பெற்றோம்!

ஏழாம் நாள் காலை, மூதாட்டியின் மகள் வந்தார். "அம்மாவுக்கு வாயெல்லாம் புண். தண்ணீர்கூட இறங்கவில்லை. ஏதாவது கொடுங்கள்" என்றார். உடற்சூடு என்றோம். வாய்ப்புண்ணுக்குத் தடவும் களிம்பையும், பி வைட்டமின் மாத்திரையையும் எடுத்து வைத்தோம். கை உறையின்மேல் எழுதிக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து அந்த மாணவியின் குரல் வந்தது. இம்முறை இழுக்கவில்லை.

"சார், அந்தம்மாவுக்கு நாம் கொடுத்தது வாரத்துக்கு ஒருநாள் போடும் மாத்திரை. நாம் தினம் என்று எழுதிக் கொடுத்துவிட்டோம்."

எழுதிய கை நின்றது. கால்கீழே நிலம் நின்றதா என்பது நினைவில்லை. மகளிடம் நிலைமையைச் சொல்லி, வீட்டுக்கு ஓடினோம். ஆறு இரவுகளில் பதினெட்டு மாத்திரைகள் உள்ளே போயிருந்தன. அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். குருதியில் வெள்ளணுக்கள் வெகுவாகக் குறைந்திருந்தன. மெத்தோட்ரெக்சேட்டின் கேட்டை முறிக்கும் ஃபோலினிக் அமிலம் உடனே ஏற்றப்பட்டது. பதினாறு நாட்கள். பதினாறாம் நாள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தார். மருத்துவர் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது: "இன்னும் இரண்டு நாள் கழித்து வந்திருந்தால், பேச ஒன்றும் இருந்திருக்காது."

அந்தப் பதினாறு நாட்களில் நமக்கு மூன்று ஆறுதல்கள் கிடைத்தன. மூன்றும் இனித்தன. மூன்றும் நஞ்சு.

முதல் ஆறுதலைத் தந்தவர் அந்த மூதாட்டியே. நடந்தது என்னவென்று முழுதாக அறியாத நிலையில், நமது கையைப் பற்றிக்கொண்டு, "நீ என்ன தம்பி செய்வாய், என் தலையெழுத்து!" என்றார். கேட்டோம், குளிர்ந்தோம். ஆம், தோழர்களே! விதி என்ற சொல் எவ்வளவு மெத்தென்ற மெத்தை என்பதை, அதில் ஒருமுறை படுத்த பிறகுதான் அறிந்தோம். விதியை எதிர்த்து முழங்கியவர்தாம் நாம். ஆயினும் அன்று அந்தச் சொல் நமக்கு வேண்டியிருந்தது. அடிமைக்கு மட்டுமன்று, அடித்தவனுக்கும் அது ஒத்தடம் கொடுக்கிறது. அதனால்தான் அது இத்தனை நூற்றாண்டாகச் சாகாமல் இருக்கிறது!

இரண்டாம் ஆறுதல் கடை உரிமையாளருடையது. "வெளியே மூச்சு விடாதீர்கள். கண்ணேறு பட்டுவிட்டது, ஒரு பூசணிக்காய் கட்டிவிடுகிறேன். வாய் நீளமான அந்தப் பெண்ணையும் நிறுத்திவிடலாம்" என்றார். வாசலிலே பூசணிக்காய் தொங்கிற்று. நாம் அதை வெறுத்தோம்; ஆனால் அவிழ்க்கவில்லை. பெண்ணை நிறுத்தக்கூடாது என்று மட்டும் வாதாடினோம். அந்த அளவாவது வாயைத் திறந்தோம் என்பதே அன்றைய நமது வீரத்தின் எல்லை.

மூன்றாம் ஆறுதலை நாமே நமக்கு அளித்துக்கொண்டோம். "கவனக்குறைவு. இனிக் கவனமாக இருப்பேன்." எவ்வளவு நேர்மையான சொல்! எவ்வளவு அடக்கம்! ஆனால் ஆராய்ந்து பாருங்கள். 'கவனக்குறைவு' என்று சொன்னதும் கேள்வி முடிந்துவிடுகிறது. விதி என்றாலும் கேள்வி முடிகிறது. கண்ணேறு என்றாலும் முடிகிறது. கவனக்குறைவு என்றாலும் முடிகிறது. பாட்டியின் சகுனமும், தகப்பனாரின் சீற்றமும், சிறுமியின் விம்மலும் ஒரு வீட்டுப் பிள்ளைகள் அல்லவா? ஒருவரும் பாசியைப் பார்க்கவில்லையே!

ஓரிரவு ஒரு குறிப்பேட்டை எடுத்து நடந்ததை எழுதத் தொடங்கினோம். அடைமொழி இல்லாமல், அழுகை இல்லாமல், நடந்தது நடந்த வரிசையில். எத்தனை மணி, எத்தனை பேர் நின்றனர், சீட்டு எப்படி இருந்தது, கண் எதைப் பார்த்தது, கை எதைச் செய்தது. எழுத எழுத ஒன்று விளங்கிற்று. 'நாம் பிழை செய்தோம்' என்ற ஒற்றை வரிக்குள் ஒரு பிழை இல்லை, ஐந்து இருந்தன!

சீட்டின் சுருக்கெழுத்து இருபொருள் தருமாறு இருந்தது; ஐயம் வந்தால் மருத்துவமனைக்குத் தொலைபேசியில் கேட்கும் வழக்கம் நமக்கு இல்லை. இது ஒன்று. நாம் தரும் மருந்துகளில் பெரும்பாலானவை நாள்தோறும் உண்ணத்தக்கவை. ஆகவே கை பழக்கத்தில் 'நாள்தோறும்' என்றே எழுதும். இது இரண்டு. மெத்தோட்ரெக்சேட்டும் ஃபோலிக் அமிலமும் நாம் வாங்கிய வகையில் சிறிய மஞ்சள் மாத்திரைகள். ஒரே தட்டில் அடுத்தடுத்து இருந்தன. ஒன்றின் முறை மற்றொன்றின்மீது ஏறிக்கொள்ள இடமிருந்தது. இது மூன்று. மூதாட்டியிடம், "இதை எப்படி உண்பீர்கள், சொல்லுங்கள்" என்று நாம் கேட்கவில்லை, கேட்டிருந்தால், "பெரிய ஆஸ்பத்திரியில் ஞாயிற்றுக்கிழமைதானே போடச் சொன்னார்கள்?" என்று அவரே சொல்லியிருப்பார். ஆம்! மருத்துவமனையில் அவருக்கு அப்படித்தான் சொல்லப்பட்டிருந்தது. எழுத்தறிந்த நாம் எழுதியது சரியாகத்தான் இருக்கும் என்று, எழுத்தறியாத அவர் தம் காதையே நம்பாமல் விட்டிருக்கிறார்! இது நான்கு.

ஐந்தாவது? அதற்கு அந்த மாணவியைக் கேட்க வேண்டியிருந்தது. "அன்றே உனக்கு ஐயம் வந்ததே அம்மா, ஏன் சொல்லவில்லை?" என்றோம்.

"சொன்னேன் சார். நீங்கள் கேட்கவில்லை" என்றார். சற்று நின்றார். பிறகு, "மேடையில் ஏன் என்று கேள் என்கிறீர்கள். கடையில் கேட்டால் உங்கள் முகம் மாறுகிறது சார்" என்றார்.

சாட்டையடி பட்டதுண்டு என்று கதைகளில் படித்திருக்கிறோம், அன்று பட்டோம். ஊருக்கெல்லாம் கேள்வி கேட்கக் கற்பித்தவர், தம் கைக்கெட்டும் தொலைவில் நின்ற ஒரு பெண்ணின் கேள்வியைக் கழுத்தை நெரித்துக் கொன்றிருக்கிறார். பெரியவர் சொன்னால் சரி, படித்தவர் சொன்னால் சரி, மூத்தவர் சொன்னால் சரி என்ற பழைய சாத்திரத்தை மேடையில் கிழித்தோம். கடையில் அதையே சட்டமாக வைத்திருந்தோம். ஐந்தாவது காரணம் சீட்டில் இல்லை, தட்டில் இல்லை. நமது முகத்தில் இருந்தது.

அதன்பிறகு இதைப்பற்றித் தேடிப் படித்தோம். படித்தபோது, நமது சிறிய கடையின் கதை உலகின் பெரிய கதைகளோடு உறவுடையது என்று கண்டோம்.

இரண்டாம் உலகப் போரின்போது, பி-17 என்னும் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் நல்லபடியாகத் தரையிறங்கிய பிறகு, திடீரென்று வயிறு தரையில் மோத விழுந்தன. காரணம், இறக்கை மடலை மடக்க எண்ணிய விமானி, சக்கரத்தை மடக்கிவிட்டார்! 'விமானியின் பிழை' என்று எழுதிக் கோப்பை மூடினர். அல்போன்ஸ் சபானிஸ் என்ற உளவியல் அறிஞர் கோப்பைத் திறந்தார். விமானியை வையவில்லை; விமானி உட்காரும் இடத்தைப் போய்ப் பார்த்தார். மடலுக்கான பிடியும் சக்கரத்துக்கான பிடியும் பக்கத்தில் பக்கத்தில், ஒன்றுபோலவே இருந்தன. களைத்த கை இருட்டில் எதைப் பற்றும்? சக்கரப் பிடியிலே சிறு ரப்பர்ச் சக்கரத்தையும், மடல் பிடியிலே ஆப்பு வடிவத்தையும் பொருத்தினார். தொட்டாலே தெரிந்தது, அந்த வகைப் பிழை மறைந்தது! 1947இல் ஃபிட்ஸ், ஜோன்ஸ் என்னும் இருவர், 'விமானியின் பிழை' என்று முத்திரையிடப்பட்ட 460 நிகழ்ச்சிகளைத் திரட்டி ஆராய்ந்து, பிழைக்கு இடமளித்த கருவி அமைப்புகளைக் காட்டினர். போர்க்கால விமானப் படையில் பணிபுரிந்த ஜான் ஃபிளனகன் என்பவர் 1954இல், தொழிலில் நேரும் நெருக்கடி நிகழ்ச்சிகளைச் சேர்த்து ஆராயும் முறையையே வகுத்துத் தந்தார். நல்லவனா கெட்டவனா என்று கேளாதே. இன்ன இடத்தில், இன்ன வேளையில், இன்னவர் என்ன செய்தார், அதனால் என்ன விளைந்தது என்று கேள்: இதுதான் அந்த முறையின் உயிர். நமது குறிப்பேட்டில் நாம் தட்டுத்தடுமாறிச் செய்ததும் அதுவே.

ஐந்தாவது காரணத்துக்கும் உலகம் கண்ணீரால் எழுதிய ஒரு பாடம் உண்டு. 1977 மார்ச் 27. ஸ்பெயின் நாட்டுக்குரிய கனேரித் தீவுகளில் ஒன்றான டெனெரீஃப். மூடுபனி. ஒரே ஓடுபாதையில் இரண்டு போயிங் 747 விமானங்கள். ஒன்று நெதர்லாந்து நாட்டுடையது, மற்றொன்று அமெரிக்க நாட்டுடையது. நெதர்லாந்து விமானத்தின் தலைமை விமானி எளியவரல்லர். பிற விமானிகளுக்கே பயிற்சி அளித்தவர். நிறுவனத்தின் விளம்பரத்தில் முகம் தந்தவர். புறப்பட இசைவு கிடைக்குமுன்பே அவரது விமானம் ஓடத் தொடங்கிற்று. உடனிருந்த விமானப் பொறியாளருக்கு ஐயம் வந்தது. அமெரிக்க விமானம் இன்னும் பாதையைவிட்டு விலகவில்லையோ என்று கேட்டார். விலகிவிட்டது என்று அழுத்தமாக விடை வந்தது. பொறியாளர் மேலே பேசவில்லை. சில நொடிகள், 583 உயிர்கள்! பனியும் காரணம், வானொலிச் செய்திகள் ஒன்றோடொன்று மோதித் தெளிவாகக் கேளாமற்போனதும் காரணம். ஆனால் மேலோன் முன்னே அடங்கிப்போன அந்த ஐயம் இருக்கிறதே, அது நமது கடையில் "சார், இது…" என்று நின்ற அதே ஐயமல்லவா?

விமானத் தொழில் அந்தப் பாடத்தைப் புதைக்கவில்லை. 1979இல் அமெரிக்காவின் நாசா நிறுவனம் அறிஞர்களைக் கூட்டி ஆராய்ந்தது. பின்னர், கீழுள்ளவர் ஐயத்தை உரக்கச் சொல்லவும், மேலுள்ளவர் அதைக் காதுகொடுத்துக் கேட்கவும் விமானிகளுக்குத் தனிப் பயிற்சியே ஏற்பட்டது. மருத்துவ உலகும் அந்த வழியைப் பின்பற்றிற்று. உலக நலவாழ்வு நிறுவனம் 2008இல் அறுவை மருத்துவத்துக்கு ஒரு சரிபார்ப்புப் பட்டியல் வகுத்தது. கத்தி தோலைத் தொடுமுன், அறையிலுள்ள ஒவ்வொருவரும் தம் பெயரையும் பணியையும் சொல்ல வேண்டும் என்பதும் அதில் ஒன்று. ஏன் தெரியுமா? ஒருமுறை வாய் திறந்தவர்க்கு, மறுமுறை திறப்பது எளிது! புதுதில்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் அதைச் செய்து பார்த்தனர்; 2009இல் வெளிவந்த கணக்கின்படி, அறுவைக்குப்பின் நேர்ந்த இறப்பு நூற்றுக்கு 1.5 என்பதிலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. புதிய மருந்தில்லை, புதிய கருவியில்லை, ஒரு தாள், சில கேள்விகள்!

இடித்துரைக்கும் துணை இல்லாத மன்னனைக் கெடுக்கப் பகைவரே வேண்டியதில்லை என்ற கருத்தை, பெரியாரைத் துணைக்கோடல் என்ற அதிகாரத்தில் வைத்தார் வள்ளுவர். பெரியார் என்றதும் நரைத்த தலையையே தேடினோம் நாம். அன்று நமது பிழையை இடித்துரைத்த பெரியார், பயிற்சிக்கு வந்த மாணவி!

இங்கே ஒரு நண்பர் குறுக்கிடுவார். "அப்படியானால் எவர்மீதும் குற்றமில்லையா? சீட்டைச் சொல்லி, தட்டைச் சொல்லி, தப்பித்துக்கொள்ளலாமா?" நல்ல கேள்வி, கேட்கத்தான் வேண்டும். குடித்துவிட்டு மருந்து கொடுப்பவன், தெரிந்தே போலி மருந்து விற்பவன், செய்ததை மறைப்பவன்: இவர்கள் செய்வது பிழையன்று, குற்றம். அதற்குத் தண்டனை வேண்டும். ஆனால் நேர்மையாக நேர்ந்த பிழையை ஒளிக்காமல் சொன்னவனையும் அதே கயிற்றால் கட்டினால் என்ன ஆகும்? அடுத்தவன் சொல்லமாட்டான். பிழை ஒழியாது, ஒளியும்.

1956 நவம்பரில் அரியலூர் அருகே மருதையாற்று வெள்ளத்தில் பாலம் சிதைந்து, தூத்துக்குடி விரைவு வண்டி கவிழ்ந்து, நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். இரயில்வே அமைச்சர் லால்பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அது அறம், பாராட்டத்தக்கது. ஆனால் ஒருவர் நாற்காலியை விட்டு இறங்கியதால், ஓர் ஆற்றின் பாலமாவது வலுப்பெறுமா? வெள்ளம் எவ்வளவு வரும், தூண் எவ்வளவு தாங்கும், மழையிரவில் பாலத்தைப் பார்த்து எச்சரிப்பவர் யார் என்ற கேள்விகளுக்கு விடை காண்பதுதான் அடுத்த வண்டியைக் காக்கும். பொறுப்பேற்பது தொடக்கம், கற்பது தொடர்ச்சி. தொடக்கத்தையே முடிவாக்கிவிடக் கூடாது.

இனி, நமக்கு எல்லாவற்றிலும் கடினமாக இருந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். மூதாட்டி வீடு திரும்பினார். விதி என்று சொல்லி அவர் நம்மை மன்னித்துவிட்டார். வழக்கில்லை, வம்பில்லை. உரிமையாளர் மகிழ்ந்தார். அந்த மன்னிப்பை வைத்துக்கொண்டு வாழ்ந்துவிடலாம் அல்லவா? பல நாள் எண்ணினோம். உண்மை அறியாதவர் தந்த மன்னிப்பு, பொய்யைச் சொல்லி வாங்கிய கடனல்லவா?

சென்றோம். அவர் திண்ணையில் அமர்ந்திருந்தார். மகளும் இருந்தார். "அம்மா, இது உங்கள் தலையெழுத்து அல்ல, என் கையெழுத்து. வாரம் ஒருநாள் என்பதை நாள்தோறும் என்று எழுதியது நான்தான்" என்றோம். மருத்துவமனையில் கழிந்த நாட்களின் வருவாய் இழப்பை ஈடுசெய்வதாகவும் கூறினோம்.

அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "அன்றைக்கே அந்தப் பொண்ணு என்னவோ சொல்ல வந்தாளே, நீதானே அதட்டினாய்?"

அவர் பார்த்திருக்கிறார்! கூட்டத்தில் நின்றபடி எல்லாம் பார்த்திருக்கிறார். பார்த்தும், படித்தவர் முன் நாம் என்ன பேசுவது என்று வாய் மூடியிருக்கிறார். ஆக, அன்று மாலை அந்தக் கடையில் உண்மையை நெருங்கி நின்றவர் இருவர். ஒருத்தி மாணவி, ஒருத்தி பூக்காரி. பேசத் தகுதி பெற்றவராகக் கருதப்பட்டவர் ஒருவர். அவர்தான் தவறாக எழுதியவர்!

"போய் வா" என்றார் மூதாட்டி. மன்னித்தேன் என்று சொல்லவில்லை. பல திங்கள் நமது கடைப்பக்கம் வரவில்லை. சினம், நேரிய சினம். தலையெழுத்தின்மீது சினங்கொள்ள முடியாது, கையெழுத்தின்மீது கொள்ளலாம். அந்த உரிமையை அவரிடம் திருப்பித் தந்தோம்; அது மட்டுமே நாம் செய்த நல்லது.

கடையில் என்ன மாற்றினோம்? பெரிய திட்டம் ஒன்றுமில்லை. வாரம் ஒருமுறை உண்ணும் மருந்துகளுக்குத் தனிப்பெட்டி. மேலே சிவப்புத் தாள். உறையில் 'வாரம் ஒருமுறை' என்று எழுதி நிறுத்தாமல், 'ஞாயிறு மட்டும்' என்று கிழமையின் பெயரையே எழுதுவது. ஐயமான எழுத்தை ஊகிக்காமல் மருத்துவமனைக்குப் பேசிக் கேட்பது. மருந்து பெறுபவரையே, "எப்படி உண்பீர்கள், சொல்லுங்கள்" என்று சொல்லச் செய்து கேட்பது. இவற்றோடு ஒரு விதி: கடையில் யார் 'நிறுத்துங்கள்' என்றாலும், தரை பெருக்குபவரே சொன்னாலும், கொடுக்கும் கை நிற்க வேண்டும். நின்று பார்த்து, ஐயம் தவறென்று தெரிந்தால், சொன்னவருக்கு நன்றி சொல்ல வேண்டும். சரியென்று தெரிந்தால், இருமுறை சொல்ல வேண்டும்.

குறிப்பேடும் தொடர்ந்தது. நேர்ந்த பிழை மட்டுமன்று, நேரவிருந்து தவறிய பிழையும் அதில் ஏறும். ஒருநாள், அரிப்புக்கான ஹைட்ராக்சிசின் கேட்ட சீட்டுக்கு, குருதி அழுத்தத்துக்கான ஹைட்ராலசின் கையில் ஏறிவிட்டது. "நிறுத்துங்கள் சார்!" என்ற குரல். நின்றோம். நமது முகம் மாறிற்றா? சற்றே மாறிற்று, பொய் சொல்லமாட்டோம். பழக்கம் ஒருநாளில் சாகுமா? ஆனால் கை நின்றது. நன்றியும் சொன்னோம். பெட்டிகளைத் தொலைவாகப் பிரித்து வைத்தோம். அன்று மாலை, வாசலில் காய்ந்து தொங்கிய பூசணிக்காயை உரிமையாளரே அவிழ்த்து எறிந்தார். நாம் கேட்கவில்லை, "அதைவிட இந்த நோட்டுதான் வேலை செய்கிறது" என்று அவரே சொல்லிக்கொண்டார்!

தோழர்களே! உங்களில் ஆசிரியர் இருப்பீர்கள், செவிலியர் இருப்பீர்கள், ஓட்டுநர், மின்பணியாளர், எழுத்தர் இருப்பீர்கள். ஒவ்வொருவர் தொழிலிலும் ஒரு நாள் உண்டு. நினைத்தால் நெஞ்சு சுடும் நாள். அதை மறக்க முயலாதீர்கள். மாலையிட்டு வணங்கவும் செய்யாதீர்கள். தாளில் எழுதுங்கள். நடந்தது என்ன? அந்த நொடியில் அது சரியென்று நமக்குத் தோன்றியது ஏன்? உண்மை அறிந்த வேறொருவர் அருகில் இருந்தாரா? அவர் வாயைக் கட்டியது எது? நாளை நம்மைவிடக் களைத்த ஒருவர் அதே இடத்தில் நின்றால், அவரைத் தடுக்க அங்கே என்ன இருக்கும்? இந்த ஐந்து கேள்விக்கும் விடை எழுதிய பிறகு, ஏதேனும் ஒன்றை மாற்றுங்கள். ஒரு பெட்டியையாவது, ஒரு வழக்கத்தையாவது, ஒரு முகத்தையாவது. மாற்றம் இல்லாத வருத்தம், பூசணிக்காய்க்கு உறவு.

அந்த மூதாட்டி மறுபடியும் ஒருநாள் வந்தார். சீட்டை நீட்டினார். மருந்தைக் கட்டி, கிழமை எழுதி நீட்டினோம். வாங்கவில்லை. உறையைத் திருப்பிப் பார்த்தார். எழுத்து அறியாத கண்கள். நம்மைக் கடந்து, உள்ளே நின்றிருந்த புதிய பயிற்சி மாணவரை அழைத்தார்.

"இங்கே வா தம்பி. இவர் என்ன எழுதியிருக்கிறார், நீ படி. சரியாக இருக்கிறதா, சொல்!"

மாணவர் நமது முகத்தைப் பார்த்தார். நாம் விலகி நின்று, விளக்கடியில் அவருக்கு இடம் விட்டோம்.